பன்னிரண்டாம் எண் அட்டை

கரப்பான்பூச்சி சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. அதனால் கரப்பானை ஒழிக்க நினைப்பவர்கள் முதலில் மருந்தைத் தேடக்கூடாது, ஒழுகும் குழாயைத் தேட வேண்டும். எத்தனையோ பள்ளிக்கூட ஆயாக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிங்க்கைத் துடைத்துக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கம்மா, பாதி வேலை முடிந்தது என்பேன்.

உங்கள் ஸ்டேஷனிலும் குடிதண்ணீர்ப் பானைக்குக் கீழே தரை ஈரமாகவே இருக்கிறது. காலை பத்தே காலுக்கு நான் வந்தபோது நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். ஏட்டம்மா நாற்காலியைக் காட்டி, "ஐயா வர லேட்டாகும் சார். என்ன கம்ப்ளெய்ண்ட்டோ எழுதி வைங்க, அவசரமில்ல" என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தார். யார் மேல் புகார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மேல்தான்.

என் பெயர் சவுரிமுத்து, வயது நாற்பத்தாறு. மேற்குத் தாம்பரத்தில் தட்சிணாமூர்த்தி என்பவர் நடத்தும் சிறிய பூச்சிக் கட்டுப்பாட்டுக் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் பதினாறு வருடம் முதுகில் பம்பு. மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளில் எங்களை லிஃப்டில் ஏற்றமாட்டார்கள். "மருந்து ஆளு வந்துகீறான்" என்று வாட்ச்மேன் கீழேயிருந்து குரல் கொடுப்பான். வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு விரலால் மூலையைக் காட்டுவார். அவர் வீட்டுக் கரப்பானையெல்லாம் நான்தான் பையில் கொண்டுவந்து விட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் பிளாஸ்டிக் டம்ளரில் வரும். அந்த டம்ளர் பிறகு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

2004இல் முதலாளி என்னைப் பெங்களூருக்கு நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் மருந்து கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் விரிசலை அடை, சாக்கடைக்கு வலை போடு, குப்பையை மூடு, ஒழுகலை நிறுத்து. அலமாரிகளுக்குப் பின்னால் பசை தடவிய அட்டைகளை வை. அவற்றில் ஒட்டிய பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுது. எண்ணிக்கை எங்கே குறையவில்லையோ அங்கே ஏன் என்று தேடு. கடைசி நாள் பரீட்சையில் எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது.

திரும்பி வந்தபின் பம்பு இல்லை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டார்ச், நோட்டு. மாடம்பாக்கத்தில் இருக்கும் ஒரு நர்சரிப் பள்ளியின் தலைமையாசிரியை ஹெப்சி மேடம் முதல் நாளே, "உக்காருங்க சார்" என்று சொல்லிக் கப்பும் சாஸருமாகக் காப்பி வரவழைத்தார். அந்தக் காப்பியை நான் மெதுவாகக் குடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளியில் பன்னிரண்டு அட்டைகள் வைத்தேன். சனிக்கிழமை புது அட்டை மாற்றி, திங்கட்கிழமைதோறும் எண்ணி, மேடம் அறையில் தொங்கும் சார்ட்டில் கோடு போடுவேன். எல்லாக் கோடும் இறங்கியது, பன்னிரண்டாம் எண்ணைத் தவிர. அது சமையலறைக்குப் பின்சுவரில் ஒட்டிய எல்.கே.ஜி. அறை. மதியம் பன்னிரண்டரைக்கு அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துப் படுக்கவைப்பது அங்கேதான். சுவருக்குள் குழாய் கசிந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றச் சொன்னேன். மேடம் மே மாத லீவில் செய்யலாம் என்றார். நியாயமான பதில்தான். அட்டையில் முப்பத்தொன்று ஒட்டியிருந்தது. மே வரைக்கும் முப்பத்தொன்று என்றே எழுதியிருக்கலாம். யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

ஆனால் 2006 நவம்பரில் கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமிருந்து நான்கு பள்ளிக்காரர்கள் என் சார்ட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், பள்ளியில் யாரும் இல்லாதபோது, பழைய பம்பை எடுத்து வந்தேன். வயலுக்கு அடிக்கிற மருந்து. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியும், ஆயாக்களுக்கு அதை வகுப்பெடுத்தவனே நான்தான். வாசனை வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினேன். மூலையில் பாய்கள் அடுக்கியிருந்தன. அவற்றை வெளியே எடுத்தால் மறுபடி அதே வரிசையில் அடுக்கவேண்டும், ஆயா கண்டுபிடித்துவிடுவார். அதனால் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அட்டையில் ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டில் நான் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை.

வந்தவர்கள் கை குலுக்கினார்கள். போனபின் மேடம் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மூச்சிளைப்பு இருக்கிற பிள்ளைங்க மூணு பேரையும் மத்தியானம் இந்த ரூம்லயே படுக்க வெச்சிடலாமா சார்? உங்க சார்ட்ல இதுதானே பெஸ்ட் ரூம்?"

"தாராளமா மேடம்" என்றேன்.

அந்த மூவரில் ஒருத்தி சோயா. நான்கு வயது. அவள் அம்மா மெஹ்னாஸ், சேர்க்கும்போதே என்னைத் தேடி வந்து பேசியவர். "அண்ணா, இதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூல் மாத்திட்டோம். மருந்து அடிச்சாலே பிள்ளைக்கு இளைச்சிடும். இங்க நிஜமாவே அடிக்க மாட்டீங்கல்ல?" என்றார். அடிக்க மாட்டோம்மா என்றேன். அன்றைக்கு அது உண்மை. பிறகு அது உண்மையில்லாமல் போன நாளில் அவரிடம் போய்ச் சொல்வது யார் வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

கசிவு நிற்காதவரை கரப்பான் நிற்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருந்தது. ஆயா புஷ்பம் ஒருநாள், "இன்னா சார், இந்த ரூம்பு மட்டும் ஒரு மாதிரி நாறுது? எனக்கே தல சுத்திகினு வருது" என்றார். புது பினாயில்தான் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் பினாயிலைக் குறைத்துக்கொண்டார், பாவம்.

2007 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, நான் மேடம் அறையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். புஷ்பம் சோயாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எச்சியா ஒழுவுது மேடம், வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது." நான் எழுந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் அப்படித்தான் சுருங்கும் என்பது பெங்களூரில் மூன்றாம் நாள் பாடம். டாக்டரிடம் மருந்தின் பெயரை உடனே சொன்னால் விஷமுறிவு ஊசி இருக்கிறது, போட்டால் பிழைக்கலாம் என்பதும் அதே பாடம்.

ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் செய்தார். மேடம் ரிசீவரை என்னிடம் கொடுத்தார். "இளைப்புன்னுதான் ட்ரீட் பண்றோம். எதுக்கும் கேக்கறேன், ஸ்கூல்ல பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களா?" மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். "பன்னிரண்டாம் எண், பூஜ்யம் சார். இங்க மருந்தே கிடையாது" என்று படித்துச் சொன்னேன். டாக்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சோயா புதன்கிழமை இறந்துபோனாள். இளைப்பு என்று எழுதினார்கள். உடனே சொல்லவில்லை என்று புஷ்பத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் கேட்டைத் தாண்டிப் போகும்போது நான் டார்ச்சில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நான் பம்பைத் தொடவில்லை. அந்த அறையையும் யாருக்கும் மனம் வராமல் பூட்டி வைத்தார்கள். அந்த வருட மே மாதத்தில் குழாயைப் பற்றி நினைவுபடுத்தினேன். "நோட்டுல பூஜ்யம்தானே காட்டுது, சுவத்தை எதுக்கு சார் உடைக்கணும்?" என்று மேடம் கேட்டார். நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்த ஜூனில் பிள்ளைகள் அதிகம் சேர்ந்ததால் அறையைத் திறந்தார்கள். பன்னிரண்டாம் எண் அட்டையில் இருபத்தாறு. அதை எண்ணிய அன்றைக்கே மெஹ்னாஸ் வந்தார். இடுப்பில் மகன் முதாசிர், மூன்று வயது. அவனுக்கும் இளைப்பு இருக்கிறதாம். அவர் மெலிந்து போயிருந்தார்.

"அவர் இந்த ஸ்கூலே வேணாம்னாரு அண்ணா. நான்தான் பிடிவாதமா இங்கயே சேக்கணும்னேன். சோயா விஷயத்துல எல்லாரும் ஏதோ ஒரு தப்பு பண்ணினோம். மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சும் அன்னைக்கு நானே அனுப்பி வெச்சேன். நீங்க ஒருத்தர்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. இவனையும் அதே ரூம்ல படுக்க வெக்கச் சொல்லிட்டேன். அதுதானே சேஃப்?"

அப்படி ஒருவர் என்னிடம் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆமாம்மா, சேஃப்தான் என்றேன். அவர் சார்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த திங்கட்கிழமை வாங்கம்மா, புது எண் போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை இன்றுதான். காலை எட்டரைக்கு முதாசிரை என் முன்னால் நிறுத்தி, "மாமாவுக்கு ஸலாம் சொல்லு" என்றார் மெஹ்னாஸ். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்குப் பூஜ்யத்தைக் காட்டினேன். பிறகு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, தெருவெல்லாம் சுற்றிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன். பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம்தான். மேடம் இருந்தார், பெற்றோர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

நேற்று முன்தினம் மத்தியானம் அந்த அறையில் மறுபடி அடித்தேன். ஜன்னல்களைச் சாத்தித்தான் அடித்தேன். பாய்களை எடுக்கவில்லை. முதாசிருக்கு இன்று முதல் நாள்.

இப்போது உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது. அங்கே பாய் விரித்திருப்பார்கள். உள்ளே வந்தவுடனே ஏட்டம்மாவிடம் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அவர் மேஜையில் போன் இருந்தது, வாயெடுக்கவும் செய்தேன். ஆனால் அவர் சார் என்று கூப்பிட்டு நாற்காலி கொடுத்திருந்தார். அந்த அறையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.