பதினாலாவது அவரைக்கொட்டை

சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா, கொல்லிமலை எடப்புளி நாடு, புளியங்காட்டுப்பட்டி ஆரம்பப் பாடசாலை வாத்தியார் 1937-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை பகல் சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ஆறுமுகசாமி. தகப்பனார் வெங்கிடுசாமி. வயது இருபத்தெட்டு. சொந்த ஊர் மலையடிவாரம் காளப்பநாயக்கன்பட்டி. எங்களுடையது சொந்த நிலத்தில் பாடுபடும் குடும்பம். மூன்று வருஷமாக மேற்படி பட்டியில் வாத்தியாராக இருக்கிறேன். பள்ளிக்கென்று கட்டடம் இல்லை. கோயிலை ஒட்டிய சாவடியில் பாடம் நடக்கிறது. வீட்டுக்கு ஒருவராகப் பதினாலு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இந்த மாதம் சட்டசபை எலெக்ஷன் நடப்பதால், புத்தகத்தில் அரசாங்கத்தைப் பற்றி இருக்கும் பாடத்தை எடுத்தேன். மூன்று பக்கப் பாடம். இரண்டு நாள் வாசித்துக் காட்டினேன், பிள்ளைகள் இரண்டு நாளும் கொட்டாவி விட்டார்கள். கருப்பண்ணன் என்ற பையன் மட்டும் எழுந்து, "ஏனுங்க வாத்தியாரே, கவுண்டர் செத்தா அவரு பையன் கவுண்டரு. இதுல ஓட்டு எங்கீங்க வருது?" என்று கேட்டான். சென்னைப் பட்டணத்தில் வேறு மாதிரி என்றேன். ராஜாவையும் ஓட்டுப் போட்டுத்தான் வைத்தார்களா என்று இன்னொரு பிள்ளை கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்று உட்கார வைத்தேன். அதன் பிறகு, செய்து காட்டினால்தான் புரியும் என்று தீர்மானித்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னைத் தூண்டவில்லை.

11-ந் தேதி வியாழக்கிழமை வகுப்புச் சட்டாம்பிள்ளைக்கு எலெக்ஷன் வைத்தேன். அதுவரை சட்டாம்பிள்ளையாக இருந்தவன் ராசு, வயது பன்னிரண்டு, பட்டிக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் செல்லமுத்துக் கவுண்டரின் மகன். கவுண்டர் மகன் என்பதால் முதல் நாளே நானாகப் போட்டது. அவனை எதிர்த்து, மேலே சொன்ன கருப்பண்ணன் நின்றான். அவன் விதவை மாராயியின் மகன். எலெக்ஷனில் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைக்கிறார்கள் என்பதால், நானும் இரண்டு மண்பானை வைத்து, ராசுவின் பானைக்குச் செம்மண்ணும் கருப்பண்ணன் பானைக்கு மஞ்சளும் பூசினேன். மஞ்சள் பெட்டி காங்கிரஸ்காரர்களுடையது என்று எனக்குத் தெரியும். பூசும்போது நினைவுக்கு வரவில்லை. சாவடியில் கைக்குக் கிடைத்த நிறம் அந்த இரண்டுதான். நான் எந்தக் கட்சிக்கும் பேசியதில்லை.

ஓட்டுச் சீட்டுக்குக் காகிதம் போதாததால், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு அவரைக்கொட்டை கொண்டுவரச் சொன்னேன். பானைகளை மூலையில் வைத்துக் கம்பளியால் மறைத்தேன். ஒவ்வொருவராகக் கையை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். "யார் எதில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. போட்டதைப் போட்டவனே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது" என்று சொன்னேன். இந்த வார்த்தைகளை நான் மூன்று தடவை சொன்னேன். அதன் பிறகு எண்ணினேன். மஞ்சள் பானையில் ஒன்பது, செம்மண் பானையில் ஐந்து. கொட்டைகள் நிறம் நிறமாக இருந்தன. அழகாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். கரும்பலகையில் 9, 5 என்று எழுதினேன். ராசு சிரித்துக்கொண்டே மணியடிக்கும் இரும்பைக் கருப்பண்ணனிடம் கொடுத்தான். பானைகளை அப்படியே மூலையில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, நடந்ததைக் கேள்விப்பட்டுச் செல்லமுத்துக் கவுண்டர் ஊராருடன் சாவடிக்கு வந்தார். ராசு அன்று காட்டு வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பட்டியின் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விதையில் ஒரு பிடியைச் சாவடிப் பானையில் போடுவார்கள். போட்டால் அது அந்த வீடு சாமி முன்னால் கொடுத்த வாக்கு. ஒவ்வொரு வீட்டு அவரையும் ஒரு நிறம். ஒன்றோடொன்று கலக்காமல் தலைமுறையாகத் தனித்தனியே எடுத்து வைக்கிறார்கள். ஒரு கொட்டையைப் பார்த்தால் எந்த வீடு என்று அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். எங்கள் ஊரில் அவரை என்றால் குழம்புக்குப் போடுவது, அவ்வளவுதான். மூன்று வருஷம் அங்கே சோறு தின்றும் இது தெரியாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன். ரகசியம் என்று சொல்லிப் பிள்ளைகள் கையால் அவரவர் வீட்டு அடையாளத்தையே போட வைத்திருக்கிறேன்.

கவுண்டர் பானையைத் தொடுவதற்கு முன்பே, "மஞ்சப் பானையில எந்த ஊட்டு வெதை கெடக்குதோ அந்த ஊட்டுக்குச் சுனைத் தண்ணி கெடையாது, மொளகு பறிக்க ஆளு கெடையாது. அது எந்த ஊடா இருந்தாலும் செரி" என்று கோயிலைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொன்னதை அவராலும் மாற்ற முடியாது. அதன் பிறகு பானையைக் கவிழ்த்து, ஒவ்வொரு கொட்டையாக எடுத்து வீட்டின் பெயரைச் சொன்னார். முதலில் வந்தது மாராயி வீடு. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டார். "ஆமாங்க, நாந்தானுங்க" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒரு பிள்ளையும் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லியாவது தப்பித்துக்கொள்ளுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இப்படி எட்டு வீடு ஆனது. ஒன்பதாவது கொட்டையை எடுத்துப் பார்த்த கவுண்டர் சட்டென்று கையை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்துவிட்டேன். வெள்ளைக் கொட்டை, முனையில் கறுப்புப் புள்ளி. அது கவுண்டர் வீட்டு அவரை. பொங்கலுக்கு ஒரு படி எனக்குக் கொடுத்து, "இது எங்கூட்டுல மட்டுந்தான் இருக்குதுங்க வாத்தியாரே" என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பலகையில் ஒன்பது என்று இருக்கிறதே, இன்னொன்று எங்கே என்று ஊரார் கேட்டார்கள். கவுண்டர் கையைத் திறக்காமல், "இது நான் பொங்கலுக்குக் குடுத்தது. வாத்தியாரு வெளையாட்டுக்குப் போட்டுட்டாரு" என்றார். செம்மண் பானையை அவர் பார்க்கவே இல்லை, அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் எட்டு வீட்டுக்கும் சுனை அடைபட்டது. பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். குடத்தோடு ஏறிவர வெகு நேரம் ஆகிறது. கொடியில் மிளகு பழுத்துக் கொட்டுகிறது.

15-ந் தேதி திங்கட்கிழமை, மற்றப் பிள்ளைகள் போன பிறகு ராசு என்னிடம் வந்தான். "வாத்தியாரே, ஒம்பதாவது நீங்க போட்டதில்லீங்க. அது நான் போட்டதுங்க" என்றான். உனக்கு எதிராக நீயே ஏன் போட்டாய் என்று கேட்டேன். "யாரு வேலையை நல்லாச் செய்வாங்களோ அவங்களுக்குப் போடோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. கருப்பண்ணன் சின்னப் புள்ளைங்கள அடிக்க மாட்டான். தப்புங்களா?" என்றான். தப்பில்லை கண்ணு என்றேன். "எங்கப்பனுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றான். யாருக்கும் தெரியாது என்று நான்காவது தடவையாகச் சொன்னேன். மூன்று வருஷத்தில் என் பாடம் ஒன்று ஒரு பிள்ளைக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மாராயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கவுண்டரு கைய மூடுனத நானும் பாத்தேனுங்க சாமி. அது அவங்கூட்டு வெதைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. அவரு ஊட்டுக்கே தண்ணிய அடைக்க முடியுங்களா? கட்டுத் தன்னால அவுந்துரும்" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

17-ந் தேதி புதன்கிழமை, நான் பிள்ளைகளிடம் மஞ்சள் பானை வைத்துக் கட்சிப் பிரசாரம் செய்ததாகக் கவுண்டர் கொடுத்த பிராதின்பேரில் கான்ஸ்டேபிள் வந்து என்னை மலையிலிருந்து நடத்தி இறக்கினார். காளப்பநாயக்கன்பட்டிக் கடைவீதி வழியாகத்தான் வந்தோம். என் தகப்பனார் கடைவாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று கவுண்டர் தாமே இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "அந்த ஒண்ண நீங்கதான் போட்டதாச் சொல்லீருங்க வாத்தியாரே. பிராதை வாபஸ் வாங்கிக்கறேன். மறுபடி வந்து பாடம் நடத்துங்க" என்றார். எட்டு வீட்டுத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டேன். சாமி முன்னால் சொன்னதை மாற்ற முடியாது என்றார். போகிறபோது திரும்பி, "எம்பையன் போட்டிருக்க மாட்டான். இல்லீங்களா?" என்று கேட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் போட்டேன் என்று சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், வேலையும் நிலைக்கும், அந்தப் பையனும் தப்பிப்பான். எட்டு வீடும் ஓடைத் தண்ணீரோடு கிடக்கும். நான் போடவில்லை என்று சொன்னால் கட்டு அவிழும். பையன் தகப்பன் கையில் அகப்படுவான். இரண்டு நாளாக அடைபட்ட அறையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை மேல்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்பதாவது கொட்டையைப் போட்டது யார் என்ற கோர்ட்டார் கேள்விக்குப் பதில்: நான் ஒரு கொட்டையும் போடவில்லை. போட்டிருந்தால் மொத்தம் பதினைந்து இருக்க வேண்டும். பிள்ளைகள் பதினாலு பேர். பிராதோடு கோர்ட்டுக்கு வந்திருக்கும் துணி முடிச்சில் பதின்மூன்றுதான் இருக்கிறது. பதினாலாவது கவுண்டரிடம் இருக்கிறது. அது அவர் வீட்டு அவரை. போட்டவன் அவர் மகன் ராசு.

மேற்கண்டதெல்லாம் என் மனதார நானே சொன்னது, உண்மை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசியில் இருக்கும் அந்த ஒரு பெயரை மட்டும் அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். பதிவானதை எடுக்க முடியாது என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) வெ. ஆறுமுகசாமி