வெள்ளிக்கிழமைக் குலம்

— வேதப் புத்தகத்து மேல கை வச்சுச் சொல்றேன் தாயி, இந்த டோர்மட் மக்கோரிஷ் வாயில இன்னைக்கு வர்ற ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

— ஐயா, அது டெலிபோன் டைரக்டரி.

— ஊரார் பேரெல்லாம் இருக்குல்ல? போதும்.

— சரி. மக்கோரிஷ் குலத்துக்குத் தலைவர் நீங்களா, உங்க பங்காளி லாக்லனா? அதை முடிவு பண்ணத்தான் நான் எடின்பரோ குலப் பதிவு ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். ரெண்டு பேரையும் பத்து மணிக்கு வரச் சொன்னேன். மணி பதினொண்ணு, அவரைக் காணோம்.

— நேரங்காலம் தெரியாத பய. எழுதிக்கோங்க. தாயி, சனிக்கிழமை விளையாட்டு விழாவுல குலத்துக்கு முன்னால நான் நடக்கணும். தொப்பியில தலைவருக்கு மட்டுமே உரிய மூணு கழுகு இறகோட. அது நடக்கலேன்னா இந்தக் கட்டை வேகாது.

— இப்பவே குத்தியிருக்கீங்களே?

— அளவு பாத்தேன்.

— கோழி இறகு மாதிரி இருக்கு.

— கழுகுக்கு வயசானா அப்படித்தான்.

— போகட்டும். உங்க குலத்து ரத்தத்துல ஊறின அடையாளம்னு ஏதாவது இருக்கா?

— தாமதம்.

— என்னது?

— ஆதித் தலைவர் போட்ட விதி தாயி. பைக்குழல்காரன் பாட்டை முடிக்காம ஒருத்தனும் காலெடுத்து வைக்கக் கூடாது. தப்பா ஊதினா மறுபடி முதல்லேர்ந்து. எங்க குழல்காரன் முர்டோவுக்கு ஏழே விரல்.

— ஐயையோ.

— ராஜா படை எங்க மலைக் குலங்களைக் கூண்டோட வெட்டிச் சாய்ச்ச கலோடன் சண்டை புதன்கிழமை. நாங்க போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. ஈ காக்கா இல்ல! அதனாலதான் எங்க குலத்துல இன்னைக்கும் ஆள் இருக்கு. எங்க தாத்தா தன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ எங்க அப்பாவுக்கு ஞானஸ்நானம் நடந்துக்கிட்டிருந்துது.

— பக்கத்துப் பள்ளத்தாக்கு மக்டிராக் ஆளுங்க எப்படி?

— தூ! அதே கலோடனுக்குத் திங்கக்கிழமையே போய் உக்காந்துட்டு, யாரையும் காணோம்னு வீட்டுக்குத் திரும்பினவனுங்க. முந்திக்கிட்டு நிக்கிறதே அவனுங்க பொழப்பு. அந்த ரத்தம் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் அவன் மக்கோரிஷ் இல்ல. எழுதிக்கோங்க.

— எழுதிட்டேன். கீழ கையெழுத்துப் போடுங்க.

— போட்டாச்சு. அப்ப தலைவர் நான்தானே தாயி?

— ஐயா, காலையில ஒன்பது மணிக்கு நான் இந்தக் கூடத்தைத் திறக்க வந்தப்போ, நீங்க வாசப்படியில உக்காந்திருந்தீங்க.