தங்கச்சியின் லேப்டாப் ஏன் நின்றுபோனது

கடைக்கு லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு.” கீபோர்டுக்குள்ளிருந்து காபி வாசம் வரும்போதும் அப்படித்தான் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கொண்டுவந்தவரைக் குற்றவாளியாக்காமல் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, தங்கச்சி, நான். அம்மா நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்விட்டாள். அப்பா லேத்துப் பட்டறையில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப் போனது. நான் காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். அவரைத் துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் தங்கச்சிதான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று திரைக்குள் ஒரு வீட்டையே எழுப்பிவிடுவாள். அந்த வேலைக்கு லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் மாடாக உழைக்க வேண்டும்.

முதல் பழுது நான் செய்ததல்ல. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தானாகவே கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துக்கொண்டது. டிரைவர் என்பது அந்தச் சிப்பை வேலை வாங்குகிற மென்பொருள். புதியது அவளுடைய மாடலுக்கு ஒத்துவரவில்லை. வரைந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்து, நீலமாகி, அப்படியே உறைந்துவிடும்.

“டிரைவர் சரியில்லையாம்ப்பா,” என்றாள் அப்பாவிடம்.

“அப்ப அந்தாள நிறுத்திட்டு வேற ஆளப் போடச் சொல்லு,” என்றார் அப்பா, குழறிக் குழறி. அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

கடைக்கு எடுத்துப்போனேன். புதிய டிரைவரைச் சுத்தமாக நீக்கி, பழையதைப் போட்டு, இனி தானாகப் புதுப்பிக்காதபடி பூட்டினேன். இருபது நிமிட வேலை. அவளுடைய கனமான படம் ஒன்றைத் திறந்து ஒரு மணி நேரம் சுழற்றிப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லை. மூடப்போகிற நேரத்தில் திரையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு மெயில் வந்து விழுந்தது. வெளியூர்க் கட்டடக் கம்பெனி ஒன்று. அவள் படங்கள் பிடித்திருக்கின்றன, ஒரு வாரத்தில் ஒரு மாதிரிப் படம் அனுப்பினால் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். அவள் இதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அப்பாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது என்றுதான் யோசித்தேன்.

பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதையே மறுபடி போட்டேன். அதற்கும் இருபது நிமிடம்தான்.

ஆறாம் நாள் அவள் படம் பாதியில் அழிந்துபோனது.

“அண்ணா, நீ பார்த்தியே, அப்புறமும் ஏன் இப்படி ஆகுது?”

“சிப்பே வீக்கும்மா. பதமா வெச்சுப் பொழைக்கணும்.”

அதன் பிறகு இரண்டு வருடத்தில் பதினொரு முறை அது என் மேசைக்கு வந்தது. பதினொரு முறையும் முழுதாகச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, பிறகுதான் கெடுத்தேன். பழுது இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் ஒரு மெஷினை நான் திருப்பிக் கொடுப்பதில்லை. வேறு கடையில் காட்டட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். “தாராளமா காட்டு. உள்ள இருக்கிற நல்ல சாமானை உருவிட்டுத் தருவானுங்க,” என்றேன். அவள் போகவில்லை. படம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். “என் கை ராசிண்ணா. நான் தொட்டாலே வெளங்காது,” என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சூடு தணிக்க அடியில் வைக்கிற விசிறிப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியலண்ணா.”

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போது மறைப்பானேன்.

எட்டு மாதத்துக்கு முன் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. அந்த அளவுக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“இனிமே நான் வெளியூர்ல வேலை பார்க்கலாம்லண்ணா?”

“பாரேன். நான் என்ன உன்னக் கட்டியா போட்டிருக்கேன்?”

நான் கடையில் இருக்கிற நேரத்தில் எதையெதையோ படித்து, டிரைவரைப் பூட்டிவைக்க அவளே கற்றுக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் லேப்டாப் ஒரு தரம்கூட நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுப்பது சமையலறையிலிருந்து கேட்டது. “நானே சரி பண்ணிட்டேன், பார்த்தியா?” என்றாள். “பரவால்லையே, என் பொழப்புக்கே வேட்டு வெச்சிடுவ போல,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

தூசி தட்டித் தருகிறேன் என்று வாங்கிப்போனேன். உள்ளே இரண்டு ஃபேன் உண்டு. கிராபிக்ஸ் சிப் பக்கத்து ஃபேனின் ஒயரைக் கழற்றி, மடித்து, மேலே டேப் ஒட்டினேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் வரைந்தால் சூடு தாங்காமல் அணைந்துவிடும். நேற்று நீங்கள் காட்டிய போட்டோவில் கருகாமல் மிச்சமிருந்தது அந்த டேப்தான். நேராக வெட்டி ஒட்டியிருந்ததைப் பார்த்து, இது வேலை தெரிந்தவன் கை என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

அப்படியும் அவள் விடவில்லை. அரை மணி வரைவது, அரை மணி ஆறவிடுவது என்று முறை வைத்துக்கொண்டு நான்கு மாதத்தில் ஒரு வீட்டை முடித்தாள். அதே கம்பெனி மறுபடி கூப்பிட்டது. வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல், திரையில் படத்தைத் திறந்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். “டச்பேடு அமுங்க மாட்டேங்குதுண்ணா. மேல தூக்கிட்டு நிக்குது.”

திறந்தேன். இத்தனை மாதச் சூட்டில் பேட்டரி தலையணை மாதிரி ஊதியிருந்தது. ஊதின பேட்டரியோடு ஒரு நிமிடம்கூட மெஷினை ஓட்டாதீர்கள் என்று என் கடைச் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். படித்துவிட்டு நிறையப் பேர் உடனே மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். புதுப் பேட்டரி வர இரண்டு நாள் ஆகும். ஆனால் விஷயத்தைச் சொன்னால் அவள் அதுவரை காத்திருக்க மாட்டாள். பக்கத்து வீட்டு டீச்சரிடம் லேப்டாப் இரவல் வாங்கிவிடுவாள். அது நன்றாக ஓடுகிற லேப்டாப்.

பின்மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்பது ஸ்க்ரூவையும் முடுக்கினேன்.

“ஒண்ணும் பயமில்ல. இதுலயே பேசு,” என்று கொடுத்தேன்.

பாதிப் பேச்சில் அணைந்துபோகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டுத் திருத்துகிறேன். தீப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது.

வியாழக்கிழமை டீச்சர் கடைக்குப் போன் செய்தார். புகையைப் பார்த்து உள்ளே ஓடியவர் அவர்தான். கீபோர்டுக்கு நடுவிலிருந்து நெருப்பு வந்த பிறகும் தங்கச்சி கையை எடுக்கவில்லையாம். படம் இன்னும் சேவ் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

வார்டில் என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது: “நீ மனசப் போட்டு ஒழப்பிக்காதண்ணா. எத்தன தடவ நீ பார்த்துக் குடுத்த.” உங்களிடமும் விபத்து என்றுதான் சொல்லியிருக்கிறாள். இந்தத் தாளில் இருப்பதை இப்போதைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம். உடம்பு தேறட்டும்.

அப்பாதான் போய்விட்டாரே, அதற்குப் பிறகும் ஏன் என்று நேற்று கேட்டீர்கள். வெளியூரில் அவளுக்கு யாரைத் தெரியும், மேடம்? ஒரு அவசரத்துக்கு லேப்டாப் நின்றுபோனால் யாரிடம் கொண்டுபோவாள்?

வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். தலை வாருவது, பட்டன் போடுவது எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டுமாம். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மணிக்கு மேல் வார்டுக்குள் விட மாட்டார்கள். கையெழுத்தை எங்கே போடுவது என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். நான் போய் ஊட்டினால்தான் அவள் சாப்பிடுவாள்.