கில்வோராவில் எத்தனை பேர்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, மழையில் நனைந்த மேலங்கியோடு வந்தமர்ந்த தாய்மாரே, இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று என்னையும் ஐயத்தோடு பார்க்கும் ஆடவரே! இந்தக் கில்வோராவில் பிறந்து இவ்வூரிலேயே வாழும் நூலா ஹெஃபர்னனின் வணக்கம்.

நாளை அரசின் மக்கள்தொகைக் கணக்குக்காக நம் ஊருக்குத் தலை எண்ண ஆள் வருகிறார். "எதுக்கு வர்றானாம்?" என்று அங்கே ஒரு முணுமுணுப்பு. கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா! நம் பூட்டன் காலத்தில், அயர்லாந்து முழுதும் உருளைக்கிழங்கு கறுத்து அழுகிய பஞ்சத்தில், கஞ்சி ஊற்றுவதற்கென்று சொல்லித்தானே பண்ணையாரின் ஆள் வீடு வீடாக எண்ணினான்? எண்ணிய வீட்டுக்குக் கஞ்சியா வந்தது? கூரையைப் பிரிக்கும் கடப்பாரை அல்லவா வந்தது! பாதிப்பேர் மண்ணுக்குள் போனார்கள். பிழைத்தவர்களில் பாதிப்பேர் கப்பலேறிப் போனார்கள்.

அந்த அச்சம்தான், சென்ற முறை ஆள் வந்தபோது மலாக்கி டூஹியை வாசலை மறித்து நிற்கவைத்தது. அவருடைய தங்கை மகள் ஓர்லா, கணவனை இழந்து, இரட்டைப் பெண் குழந்தைகளோடு பாஸ்டனிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம்.

"நான் ஒத்த ஆளு. வேணும்னா நாயையும் சேத்துக்கப்பா," என்றார் மலாக்கி.

உள்ளே குழந்தை வீறிட்டது. வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அது ஆட்டுக்குட்டி."

சிரிக்கிறீர்கள்! அன்று உங்கள் வீட்டில் எத்தனை ஆட்டுக்குட்டிகள் கத்தின?

அந்த இரட்டைக் குழந்தைகள் பள்ளி சேரும் வயதை எட்டினர். அப்போது கல்வித்துறை மேலிடத்து அதிகாரி இதே மன்றத்தில் நின்று, அந்தத் தலைக்கணக்கைக் காட்டி, இனிச் சேர்வதற்கு இங்கே பிள்ளைகளே இல்லை, பள்ளியை மூடிவிடலாம் என்றார். மலாக்கி எழுந்தார். இரு பெண்களையும் கைக்கொன்றாகப் பிடித்தபடி முன்னே வந்தார்.

"பொய் சொல்லிட்டேன், ஐயா. வீட்டப் பிடுங்க வந்துட்டீங்களோன்னு பயம். இதுங்க ரெண்டும் எங்க வீட்டுப் பிள்ளைங்க. எழுதிக்குங்க."

அதன்பின் வரிசை வரிசையாக எழுந்தார்கள். தத்தம் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை உரக்கச் சொன்னார்கள். பள்ளி பிழைத்தது. ஆனால் பிள்ளைகள் குறைவென்று அதற்குள் மாற்றலாகிப் போயிருந்த இரண்டாம் ஆசிரியை திரும்பி வரவேயில்லை.

ஆகவே, ஐயப்படுங்கள்! வருபவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், அனுப்பியவர் யாரென்று கேளுங்கள், ஏனென்று கேளுங்கள்! பசி நம்மைக் குறைத்தது. பண்ணையார் நம்மைக் குறைத்தார். கப்பல் நம்மைக் குறைத்தது. நம் வாயும் நம்மைக் குறைக்கலாமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இன்றிரவு வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தொட்டிலில் கிடப்பதையும் சேர்த்து. வணக்கம்.