கிரகணத்தன்று வெட்டிய இழை

எண்பதாம் வருஷம். சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்கொழந்த ஒதட்ட நானே வெட்டிப்போட்டனுங்க்கா."

சொன்னவள் நிறைமாதக் கர்ப்பிணி. எடப்பாடியில் தறி ஓட்டுகிறவளாம். பக்கத்தில், முந்தானைக்குள் கைக்குழந்தையோடு இன்னொருத்தி.

"என்ன கண்ணு சொல்ற?"

"போன மாசம் சூரிய கெரகணம் வந்துச்சில்லீங்க்கா, அன்னிக்கு இழை அறுந்துட்டே இருந்துச்சு. ஞாபகமில்லாம கத்திரியில வெட்டி வெட்டி முடிச்சுப் போட்டேன். கெரகணத்துல மாசமா இருக்கறவ எதை வெட்டுனாலும் கொழந்தைக்கு ஒதடு பொளந்துரும்னு மாமியா அழுவுறாங்க."

"சூரியனுக்குக் குறுக்க நெலா வந்துச்சு, நம்ம மேல நெழலு உழுந்துச்சு. அவ்வளவுதான். களத்து மேல மேகம் வந்தா உழுவாதா? நெழலு எங்கியாச்சும் ஒதட்ட வெட்டுமா?"

"ஆரு சொன்னாங்க?"

"ஆசுபத்திரி டாக்டரம்மா."

"அவங்க சொல்லுவாங்க, பெத்துக்கறது நானில்லீங்களா."

மற்றவள் முந்தானையை விலக்கினாள். குழந்தையின் மேலுதட்டில், பிளவைத் தைத்த தழும்பு.

"இவ வயித்துல இருக்கையில சந்திர கெரகணம். நா ஊட்டுக் கதவச் சாத்திட்டு இருட்டுல படுத்தவ, ஊசியக்கூடத் தொடலை."

"அப்ப... நா வெட்டுனதால ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஆவாது கண்ணு. நா என்ன தப்புப் பண்ணுனனோன்னு ஆறு மாசம் அழுதவ சொல்றேன்."

கர்ப்பிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரு கைகளையும் நீட்டினாள்.

"இங்க குடுங்க்கா, கொஞ்ச நேரம் நா வெச்சுக்கறேன்."

சேலம் வரும்வரை குழந்தை அந்த வயிற்றின் மேல் சாய்ந்து தூங்கியது.