ஒரு நாள் ஓ.டி. உங்களுக்கு

தலை நரைத்தும் தளர்வறியாத் தலைமகன், எங்கள் தாதியர் நலன்புரிச் சங்கத் தலைவர் ஜைனுதீன் ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் களைப்பைக் கண்ணிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, இரத்தோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த தங்கைகளே, தம்பிகளே, மிளகு மணக்கும் மாத்தளையின் வெள்ளுடைச் செல்வங்களே, உங்கள் பொருளாளர் கிருஷாந்தியின் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பொருளாளர் மைக்கைப் பிடித்தாலே சந்தா கேட்கத்தான் என்று பின்வரிசையில் சிலர் கதவைப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள். இன்று சங்கத்துக்காகக் கேட்க வரவில்லை. உங்களுக்காக உங்களிடமே கேட்க வந்திருக்கிறேன்.

கால் புண் கறுத்த பிறகு வார்டுக்கு வருகிற சீனி வருத்தக்காரரிடம் நாம் என்ன கேட்கிறோம்? "ஏன் ஐயா இவ்வளவு நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" கோபத்தில் கேட்கிறோம், அக்கறையில் கேட்கிறோம். அதே கேள்வியை நம்மைப் பார்த்து யார் கேட்பது? ஒளிந்திருக்கும் நரம்பை ஒரே தொடுதலில் கண்டுபிடிக்கும் கைகள் அல்லவா நம் கைகள்? அந்தக் கைகளுக்கு ஓய்வுகாலம் என்று ஒன்று வருவது மட்டும் ஏன் தட்டுப்படவில்லை?

முன்வரிசையில் இருக்கிறாரே, பல்லேபொல ஸுபைதா ராத்தா, நம் எல்லோருக்கும் மூத்த அக்கா, அவரை அறியாதவர் இங்கே உண்டா? போன வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். முத்துமாரியம்மன் தேர் வந்தால் எங்களுக்குக் கவலையே இருந்ததில்லை. "நீங்க தேருக்குப் போய்ட்டு வாங்க தங்கச்சி, வார்டை நான் பாத்துக்குறேன்" என்பார். பெருநாளில் அவருக்காக நாங்கள் நிற்போம். வெசாக் வந்தால் சிங்களத் தங்கைகளுக்காக எல்லோருமே நிற்போம். மாத்தளையில் டியூட்டி மாற்றிக் கொடுப்பது நமக்கு ஒரு மார்க்கம் மாதிரி.

மேலதிக நேர வேலை, அதுதான் நம் ஓ.டி., யார் கொடுத்தாலும் ராத்தா தட்டியதில்லை. அந்த ஓ.டி.யில் வீடு எழுந்தது. அந்த ஓ.டி.யில் மகள் கரையேறினாள், மகன் படித்தான். வாங்கிய கடனும் அந்த ஓ.டி.யை நம்பித்தான். பிறகென்ன, பென்ஷன்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் பென்ஷனைக் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்து. விழித்திருந்த இரவுகளுக்கு அதில் இடமில்லை. முதல் பென்ஷன் கைக்கு வந்த அன்றுதான் அது அவருக்கு உறைத்தது.

ராத்தா சூதாடினாரா? ஆடம்பரத்தில் அழித்தாரா? எல்லோருக்கும் ஒதுக்கினார், தனக்கு ஒதுக்க மறந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதைக் குற்றம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இன்று வீங்கிய முழங்காலோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இராப்பணி செய்கிறார்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க தங்கச்சி. நான் வெக்கப்பட்டு மறைச்சா, இந்தப் புள்ளைகளும் என்னய மாதிரி முழங்காலத் தடவிக்கிட்டுத்தான் திரியும்" என்றார்.

ஆகவே கேட்கிறேன். மாதத்தில் எத்தனை ஓ.டி. செய்தாலும் ஒரு நாள் ஓ.டி. காசு உங்கள் முதுமைக்கு, வங்கியில் போய்ச் சேரட்டும். மற்றதெல்லாம் பிள்ளைக்குப் போகட்டும், வீட்டுக்குப் போகட்டும், கடனுக்குப் போகட்டும். அந்த ஒரு நாளில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, நீங்களும்தான்.

என்ன றுஸ்தி தம்பி? வட்டி உங்களுக்கு ஆகாதா? வட்டியில்லாத கணக்கும் வங்கியில் இருக்கிறது, விசாரியுங்கள். சாக்கு மட்டும் தேடாதீர்கள். ஜெஸ்லா என்ன சொல்கிறாள்? கடன் முடிந்த பிறகு தொடங்குவாளாம். தங்கச்சி, அலை ஓய்ந்த பிறகா கடலில் குளிப்பது?

ராத்தா, எழும்பிவிட்டீர்களா?

எல்லோரும் பாருங்கள். அவருடைய கறுப்பு அபாயாவுக்குக் கீழே வெள்ளை யூனிஃபோர்ம் தெரிகிறது. நம்மோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். டியூட்டிக்குப் புறப்பட்டே வந்திருக்கிறார். கை தட்டாதீர்கள். வழி விடுங்கள்.

என்ன ராத்தா? "சுருக்கா முடிங்க, இந்தப் புள்ளைகளுக்கும் டியூட்டி இருக்கு" என்கிறார். முடிக்கிறேன் ராத்தா.

அன்பானவர்களே, தேருக்கு மாற்றிக் கொடுத்தோம், பெருநாளுக்கு மாற்றிக் கொடுத்தோம், வெசாக்குக்கு மாற்றிக் கொடுத்தோம். இதோ, நமக்காக வாழ்நாளெல்லாம் நின்றவர் நம் கண்முன்னே நொண்டிக்கொண்டு போகிறார். இந்த மண்டபம் நிறையத் தாதியர் இருக்கிறோம். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இந்த ஒரு டியூட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள நம்மில் ஒருவராலும் முடியவில்லை. முதுமை என்கிற டியூட்டியை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது தங்கைகளே, அதை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

கதவு வரை அவரோடு நடக்கப் போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் கால்கள் ஒரு நாள் நிம்மதியாக ஓயட்டும். வணக்கம், வஸ்ஸலாம்.