பொத்தான் விளக்கு

தம்பி நிலன், எனக்கு விளக்குகளின் மேல் எந்தக் கோபமும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் ஏற்றுகிறவன்தான். நேற்று மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீர் பக்கத்தில் வந்து, "மாஸ்ரர், ஜெயரத்தினம் அண்ணையைப் பற்றி அறிவிச்சது நீங்களோ?" என்று கேட்டீர். தமிழ் மன்றச் செயலாளராக வந்து இரண்டு மாதத்தில் தலைவரிடம் இப்படி நேரே கேட்க எல்லோருக்கும் வராது. அங்கே வைத்துப் பதில் சொன்னால் அரைகுறையாகப் போயிருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

நான் முப்பது வருடமாக ஒஸ்லோவில் வரலாறு படிப்பிக்கிறேன். எனக்குப் பிடித்த பாடம் பதினெட்டாம் நூற்றாண்டு. படித்த அரசர்கள் தத்துவம் வாசித்துவிட்டு, சனத்தைக் கேட்காமலே சனத்துக்கு நல்லது செய்யப் புறப்பட்ட காலம். ஆஸ்திரியாவின் இரண்டாம் யோசேப்பு, தேவாலயத்தில் எத்தனை மெழுகுதிரி கொளுத்தலாம் என்றுகூடச் சட்டம் போட்டான். மரம் வீணாகிறது என்று அடிப்பலகை திறக்கிற சவப்பெட்டி செய்வித்தான். பிணம் குழிக்குள் விழும், பெட்டி அடுத்தவருக்கு. சனம் கொந்தளித்தது, பாவி மனிதன் அந்தச் சட்டத்தைத் திருப்பி வாங்கினான். வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அவ்வளவு புத்தியுள்ளவன், ஏன் திருப்பி வாங்கினான்?

எங்கள் மன்றத்தை நான் பொறுப்பெடுத்தபோது அதன் கோலம் உமக்குத் தெரியாது. நாலு மணிக்கு விழா என்றால் சனம் ஐந்தரைக்கு வரும். பிறகு மங்கள விளக்கு. ஐந்து திரிக்குப் பதினெட்டுப் பேரை மேடைக்கு அழைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், பதவி, கைதட்டல். எரிகிற திரியையே திரும்பத் திரும்பக் கொளுத்துவார்கள். ஒரு தைப்பொங்கலுக்கு அந்தப் புகையில் பள்ளிக்கூட மண்டபத்தின் தீ மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, நடன உடுப்போடு பிள்ளைகள் வெளியே வெஸ்ட்லித் தெருப் பனிக்குள் சலங்கை கட்டியபடி நின்றார்கள். அன்றைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். மின்கலத்தில் எரியும் குத்துவிளக்கு ஒன்று வாங்கினேன். ஒருவர் பொத்தானை அழுத்துவார், விழா தொடங்கும். அரை நிமிடம்.

பிரஷ்ய அரசன் ஒருவன் தன்னை நாட்டின் முதல் வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டான். நானும் அப்படித்தான். விழா முடிந்தபின் மண்டபம் கூட்டுகிறவன் யார்? கழிவறை கழுவுகிறவன் யார்? நன்றி சொல்ல ஒருவரும் இல்லை. மூலையில் நின்று, "மாஸ்ரர் விளக்கையும் அணைச்சுப்போட்டார்" என்று முணுமுணுக்க மட்டும் ஐம்பது பேர்.

என் பிழை ஒன்றே ஒன்று. கைதூக்கி வாக்களிக்கும் பழக்கத்தை நிறுத்தி, இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோர்வே டென்மார்க்கின் கீழ் இருந்த காலத்தில், அரசனின் வைத்தியர் ஒருவர் அரசனுக்குப் பதிலாக ஆண்டார். எழுத்துக்கு இருந்த தணிக்கையை நீக்கினார். சனம் அந்தச் சுதந்திரத்தை வைத்து எழுதியதில் பாதி அவரைத் திட்டித்தான். இரண்டு வருடத்தில் அவருடைய தலை போய்விட்டது. வருடா வருடம் இதைப் படிப்பிக்கிற நானே அதே குழியில் விழுந்தேன்.

ஏனென்றால் ஜெயரத்தினம் தலைவர் பதவிக்கு நின்றார்; இரகசியமாகப் போட்டால் முணுமுணுத்த ஐம்பதும் அவருக்குத்தான். கெட்ட மனிதர் அல்ல. இருபத்தைந்து வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர், பிந்தாத மனிதர். என் வீட்டுக்கு வந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்ரர், நீங்கள் சொல்லுறதெல்லாம் சரிதான். ஆனா வருசம் முழுக்கப் பஸ்ஸுக்குள்ளயும் ஹோட்டல் குசினிக்குள்ளயும் நிக்கிற சனம். ஒருநாள் மேடையில பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன குறைஞ்சு போகும்? நான் வந்தா பழைய விளக்கைத்தான் வைப்பன்."

பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றி அவர் கதைக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜெயரத்தினம் என்பது அவருடைய செத்துப்போன தமையனின் பெயர். ஜெர்மனியில் சொந்தப் பெயரில் கொடுத்த அகதி விண்ணப்பம் தள்ளுபடியானபின் இங்கே வந்தார். திரும்பவும் அதே பெயரில் கேட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று அழுதார். தமையனின் பெயரைப் போடச் சொன்னவன் நான். பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் மூன்று நாள் இருந்து பாடமாக்கிக் கொடுத்ததும் நான். இந்த நாட்டில் அவரைத் தவிர அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி சுஜானிக்குக்கூடக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாராம்.

பொதுக்கூட்டத்துக்கு ஐந்து மாதம் இருந்தபோது குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய பெயர், பிறந்த திகதி, ஜெர்மனியில் விண்ணப்பித்த ஆண்டு. நாலு வரி. பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்து இல்லை.

பிறகு நடந்தது உமக்குத் தெரியும். விசாரணைக் கடிதம் வந்த கிழமையே அவர் போட்டியிலிருந்து விலகினார். இப்போது குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். மேன்முறையீடு தோற்றால், ஒருவரும் மிஞ்சாத ஊருக்கு அறுபத்தொரு வயதில் போக வேண்டும். மகள் சோபிகா பேர்கனில் தாதியாக இருக்கிறாள். அவள் ரயில் ஏறி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அப்பா சாப்பிடுறேல்ல. சீருடையைப் போட்டுக்கொண்டு சும்மா கதிரையில இருக்கிறார். ஆர் இதைச் செய்திருப்பினம்?"

"எங்கட சனத்தைப் பற்றித் தெரியாதோ பிள்ளை? எரிச்சல் பிடிச்ச சனம்" என்றேன். மன்றத் தலைவர் என்ற முறையில் ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டாள். இரண்டு பக்கம் எழுதினேன். நேர்மை, உழைப்பு, சமூகத்துக்குச் செய்த தொண்டு. இதைவிட நல்ல நோர்வேஜியத்தில் அவரைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்க முடியாது. அதில் கையெழுத்தும் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு அல்ல.

போன விழாவைக் கவனித்தீரா? நாலு மணிக்கு எல்லோரும் இருக்கையில். பொத்தானை அழுத்தினேன். ஒரு முணுமுணுப்பு இல்லை. சனம் மெல்ல மெல்லப் பழகுகிறது.

ஆகவே உமது கேள்விக்குப் பதில்: ஓம், நான்தான். யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லும். ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியனால் பழைய தாளைக் குப்பையில் போட முடியாது என்பதையும் அறிந்திரும். அந்தக் காலத்தில் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் இருபத்திரண்டு. எல்லாவற்றின் பிரதியும் அலுமாரியில் ஒழுங்காக இருக்கிறது. உமது அப்பாவுடையது ஏழாவது. வீட்டில் அவரைக் கேட்டுப் பாரும்; நல்ல மனிதர், மறைக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக, 'பழைய விளக்கை மீண்டும் வைப்பது' என்று நீர் எழுதியிருக்கிறீர். அதை வைத்திருப்பதா எடுப்பதா என்பது உமது விருப்பம். நான் ஒருநாளும் ஒருவரையும் வற்புறுத்தியவன் அல்ல.